பின்பக்கம் மட்டும் தொடாதே

ராட்னி: இப்பவே சொல்லிட்டேன் ரேலீன். முன்னாடி குறை. காதுக்கு மேல ஒட்ட வழி. பின்பக்கம் மட்டும் கை வைக்காதே.

ரேலீன்: உக்காரு முதல்ல. கதவைத் திறக்கும்போதே சண்டையா?

ராட்னி: சண்டை இல்ல. எச்சரிக்கை.

ரேலீன்: டைவர்ஸ் ஆகி நாலு வருஷம் ஆச்சு. இன்னும் என் கடைக்கே வந்து என்னையே மிரட்டறே பாரு.

ராட்னி: இந்த ஊர்ல வேற சலூன் இருந்தா நான் ஏன் உன் மூஞ்சில முழிக்கிறேன்?

ரேலீன்: காலரை இறக்கு. துணி போர்த்தணும்.

ராட்னி: காலர் அப்படியே இருக்கட்டும்.

ரேலீன்: வெளில நாப்பது டிகிரி கொளுத்துது. இதுல காலரைத் தூக்கி விட்டுக்கிட்டு... யாரை மயக்க இந்த ஸ்டைலு?

ராட்னி: உன்னை இல்ல. லேசா போர்த்து. இறுக்கிக் கட்டாதே.

ரேலீன்: வா, முதல்ல தலைய அலசிடலாம். தொட்டில சாஞ்சுக்கோ.

ராட்னி: அலச வேண்டாம். காலைலதான் குளிச்சேன்.

ரேலீன்: நீயா? பரவாயில்லையே. நாளைக்குப் பொண்ணு கல்யாணம்னதும் மனுஷனாயிட்டே.

ராட்னி: பேச்சைக் குறைச்சுட்டு வெட்டு.

ரேலீன்: வெட்டத்தான் போறேன். முழுசா. நம்ம பொண்ணு டீகன் சொல்லிட்டா.

ராட்னி: டீகனா? என்ன சொன்னா?

ரேலீன்: பட்டியல் அனுப்பியிருக்கா. கல்யாணத்துக்கு வர ஆம்பளைங்க எந்தெந்தத் தலையோட வரக்கூடாதுன்னு. போன்ல இருக்கு. படிக்கட்டுமா?

ராட்னி: ஞாயித்துக்கிழமை அரை மணி நேரம் பேசினா. நாய்க்கு உடம்பு எப்படி இருக்குன்னு கேட்டா, வண்டிக்கு டயர் மாத்தினியான்னு கேட்டா. தலையப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே.

ரேலீன்: உன்கிட்ட சொல்ல பயம். நீ குதிப்பேன்னு தெரியாதா அவளுக்கு?

ராட்னி: படி.

ரேலீன்: ஒண்ணாம் நம்பர், மல்லெட். முன்னாடி ஒட்ட வெட்டி, பின்னாடி மட்டும் தோள் வரைக்கும் தொங்க விடறது. எந்த முகத்துக்கும் பொருந்தாது, எந்த வயசுக்கும் பொருந்தாது, ஐம்பது தாண்டினவனுக்கு...

ராட்னி: ஐம்பது தாண்டினவனுக்கு?

ரேலீன்: ...பாக்கவே பாவமா இருக்கும்.

ராட்னி: பாவமா! ஹோட்டல் பார் வாசல்ல வருஷா வருஷம் மல்லெட் போட்டி நடக்குது, மூணு தடவை கோப்பை வாங்கியிருக்கேன். முந்நூறு பேர் கை தட்டினாங்க. ஒருத்தன்கூட பாவம்னு சொல்லல.

ரேலீன்: அந்த முந்நூறு பேரும் அப்போ நிதானத்துல இல்ல ராட்.

ராட்னி: நடுவர் நிதானத்துலதான் இருந்தாரு.

ரேலீன்: நடுவர் உன் தம்பி. ரெண்டாம் நம்பர், எலிவால். அதாவது மொட்டைக்குப் பின்னால ஒத்தை வால். மூணு, கிண்ணத்தைக் கவுத்து வெட்டின மாதிரி...

ராட்னி: அது நீ என் தம்பிக்கு வெட்டினது.

ரேலீன்: அப்போ நான் தொழில் கத்துக்கிட்டு இருந்தேன். நாலு, வழுக்கைய மறைக்க காதோரத்து முடிய இந்தப் பக்கத்துலேருந்து அந்தப் பக்கத்துக்கு இழுத்துப் போடறது.

ராட்னி: ஹா!

ரேலீன்: சிரிக்காதே.

ராட்னி: கிளைவ்! உன் கிளைவ் அதுல இருக்கான்!

ரேலீன்: பேர் போடல.

ராட்னி: பேர் எதுக்கு? காத்தடிச்சா அவன் தலைல ஜன்னல் திறக்குது, ஊருக்கே தெரியும். அவனையும் உக்கார வெச்சு வழிச்சியா?

ரேலீன்: கிளைவ் வேற.

ராட்னி: எப்படி வேற? உன் வருங்காலப் புருஷனுக்கு ஒரு சட்டம், பழைய புருஷனுக்கு ஒரு சட்டமா?

ரேலீன்: கிளைவ் பொண்ணைக் கைபிடிச்சு மாப்பிள்ளைகிட்ட கூட்டிட்டு நடக்கப் போறதில்ல. நீ நடக்கணும். எல்லாரும் உன்னைத்தான் பாப்பாங்க. மாப்பிள்ளை ஹ்யூகோ வீட்டுக்காரங்க சிட்னிலேருந்து எழுபது பேர் வராங்க. எல்லாம் வக்கீலு, டாக்டரு.

ராட்னி: வரட்டும். நான் யாருன்னு பாத்துட்டுப் போகட்டும். முப்பது வருஷம் நிலக்கரி வெட்டினவன். இந்தத் தலையோடதான் அவளை ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போனேன். இந்தத் தலையோடதான் அவ பட்டம் வாங்கும்போது முதல் வரிசைல உக்காந்தேன். அன்னிக்கெல்லாம் கூச்சப்படாத பொண்ணு நாளைக்குக் கூச்சப்படுவாளா?

ரேலீன்: மாறிட்டா.

ராட்னி: மாற மாட்டா. என் பொண்ணு.

ரேலீன்: கடைசியா ஒரு வரி எழுதியிருக்கா. படிக்கணுமா வேண்டாமா தெரியல.

ராட்னி: படி. அரைகுறையா விடாதே.

ரேலீன்: "அப்பா முடி வெட்டிக்க மாட்டேன்னா... ஹ்யூகோவோட மாமா ரூபர்ட் என்னைக் கூட்டிட்டு நடக்கட்டும்."

ராட்னி: அப்படியா எழுதியிருக்கா?

ரேலீன்: அப்படித்தான் இருக்கு.

ராட்னி: போனைக் காட்டு.

ரேலீன்: கை ஈரமா இருக்கு. அப்புறம் காட்டறேன். ஒண்ணும் பெரிசா வேண்டாம், பின்னாடி நாலு விரல் அளவு எடுத்துடறேன். கழுத்து மட்டும் தெரியட்டும்.

ராட்னி: கழுத்து தெரியக்கூடாது.

ரேலீன்: ஏன்?

ராட்னி: கூடாதுன்னா கூடாது. கழுத்துக்குக் குடையே இந்த முடிதான். இந்த ஊர் வெயில்ல பின்னங்கழுத்தைத் திறந்து போட்டுக்கிட்டு எவன் திரிவான்?

ரேலீன்: குடையா? முப்பது வருஷமும் அதைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள்ள திணிச்சுக்கிட்டுதானே நின்னே? திறந்தவெளிச் சுரங்கத்துல தொங்க விடக்கூடாதுன்னு சட்டம். வெயில் நேரமெல்லாம் உன் கழுத்து மொட்டையாத்தான் இருந்துது. சாயங்காலம் ஹோட்டலுக்குப் போகும்போது மட்டும் குடைய விரிச்சே.

ராட்னி: ...அதை இப்போ எதுக்கு இழுக்கறே?

ரேலீன்: இல்ல, சும்மா சொன்னேன். அசையாதே. கழுத்துல ஈ உக்காந்திருக்கு.

ராட்னி: உக்காந்துட்டுப் போகட்டும்.

ரேலீன்: கடிக்கிற ஈ. இரு, காலரை மட்டும் லேசா...

ராட்னி: ரேலீன், தொடாதே! சொல்றேன்ல, கைய எடு...

ரேலீன்: ராட்னி.

ராட்னி: ஒண்ணுமில்ல.

ரேலீன்: கட்டு போட்டிருக்கு.

ராட்னி: தெரியும். என் கழுத்துதானே.

ரேலீன்: என் உள்ளங்கை அளவுக்கு இருக்குடா. எத்தனை தையல்?

ராட்னி: பதினொண்ணு.

ரேலீன்: எப்போ எடுத்தாங்க? எவ்ளோ பெரிசா இருந்துது அது?

ராட்னி: எது பெரிசா இருந்துது? நான் இன்னும் ஒண்ணுமே சொல்லலையே.

ரேலீன்: கட்டைப் பாத்தா தெரியாதா? இருபத்தஞ்சு வருஷமா கழுத்தைப் பாத்துத்தான் சோறு திங்கறேன். வரவன் போறவன் எல்லாருக்கும் 'இந்த மச்சத்தை டாக்டர்கிட்ட காட்டு'ன்னு சொல்றவ நான். சொல்லு. எப்போ?

ராட்னி: போன வாரம். நியூகாஸில் போயி எடுத்துட்டு வந்தேன்.

ரேலீன்: யார் கூட?

ராட்னி: நாயோட. அது வண்டிலயே இருந்துது.

ரேலீன்: தையலோட ரெண்டு மணி நேரம் தனியா ஓட்டிட்டு வந்தியா? அறிவிருக்கா உனக்கு? ஒரு போன் பண்ணக்கூடாது?

ராட்னி: யாருக்குப் பண்றது? உனக்கா? நீ கிளைவ்கிட்ட சொல்லுவே, அவன் பேக்கரில சொல்லுவான், சாயங்காலத்துக்குள்ள டீகன் சிட்னிலேருந்து கிளம்பி வந்து வாசல்ல நிப்பா. கல்யாணத்தைத் தள்ளி வெக்கலாம்பா. அவளைத் தெரியாதா உனக்கு?

ரேலீன்: தெரியும்.

ராட்னி: அதான்.

ரேலீன்: ரிசல்ட்?

ராட்னி: நேத்து வந்துது.

ரேலீன்: ராட்... வாய்ல என்ன கொழுக்கட்டையா? சொல்லு.

ராட்னி: மெலனோமா. தோல்ல வர கேன்சர். ஆழமாப் போயிருக்காம். இன்னும் அகலமா வெட்டணுமாம். கழுத்துல நெறி கட்டியிருக்கான்னும் பாக்கணும்னாங்க. திங்கக்கிழமை காலைல ஏழு மணிக்கு ஆஸ்பத்திரில இருக்கணும்.

ரேலீன்: திங்கக்கிழமையா? அடப்பாவி!

ராட்னி: அழாதே. கத்திரிய வெச்சுக்கிட்டு அழாதே, எனக்குப் பயமா இருக்கு.

ரேலீன்: நான் அழல. கோவமா இருக்கேன்.

ராட்னி: அது பழக்கந்தான்.

ரேலீன்: சிரிக்க வெக்காதே.

ராட்னி: நர்ஸு என்ன சொன்னா தெரியுமா? திங்கக்கிழமை பின்பக்கம் முழுக்க அவங்களே வழிச்சிடுவாங்களாம். காதுலேருந்து காது வரைக்கும். 'வர்றதுக்கு முன்னாடியே வீட்ல எடுத்துட்டு வந்துடுங்களேன், சுலபமா இருக்கும்'னா. முடியாதுன்னுட்டேன். திங்கக்கிழமை உங்களுது, என்ன வேணா பண்ணுங்க. சனிக்கிழமை என்னுது. அன்னிக்கு ஒரு மயிரும் குறையாதுன்னேன்.

ரேலீன்: அந்த நர்ஸு என்ன பண்ணா?

ராட்னி: 'பொண்ணுக்குக் கல்யாணமா? வாழ்த்துக்கள்'னா. நல்ல பொண்ணு.

ரேலீன்: வலிக்குதா?

ராட்னி: குனிஞ்சா இழுக்குது. நிமிந்து நடந்தா ஒண்ணும் தெரியல. நாளைக்கு நிமிந்துதானே நடக்கணும்? வீட்டு ஹால்ல நடந்து பாத்தேன். நாய்க்குப் பக்கத்துல.

ரேலீன்: கைபிடிச்சியா அதை?

ராட்னி: கயித்தைப் பிடிச்சேன். அது என்னை இழுத்துட்டுப் போச்சு. டீகனும் அப்படித்தான் நடப்பா, விடுவிடுன்னு. ஆனா இப்போ அதுக்கும் வழியில்ல. ரூபர்ட் வரான்.

ரேலீன்: ராட், நான் ஒண்ணு...

ராட்னி: இரு, முடிச்சுக்கறேன். யோசிச்சுட்டேன். டீகனுக்குப் பதில் போடு. ரூபர்ட்டே கூட்டிட்டு நடக்கட்டும்.

ரேலீன்: பைத்தியமா உனக்கு? அவ பிறந்த அன்னிலேருந்து இதைத்தானே சொல்லிக்கிட்டு இருந்தே!

ராட்னி: ஆமா. இருவத்தாறு வருஷமா. ஆனா முடிய வெட்டிட்டு இந்தக் கட்டைக் காட்டிக்கிட்டு அவ பக்கத்துல நான் நடக்க மாட்டேன். பாதி வழில பாப்பா. கேப்பா. எனக்கு அவகிட்ட பொய் சொல்ல வராது. நாளைக்கு அவ அழுதா, அது கல்யாணப் பொண்ணு அழற அழுகையா இருக்கணும். எனக்காக அழறதெல்லாம் செவ்வாய்க்கிழமைக்கு மேல வெச்சுக்கட்டும்.

ரேலீன்: ராட்னி...

ராட்னி: நான் கடைசி வரிசைல நின்னுக்கறேன். காலரைத் தூக்கிவிட்டுக்கிட்டு. பாவமா இருக்கற தலையோட. எவன் என்ன நினைச்சா எனக்கென்ன? பிடிவாதக்காரன், பொண்ணைவிட முடிதான் பெரிசுன்னு இருந்துட்டான்னு ஊரே பேசட்டும். அவளும் நினைச்சுக்கட்டும். ஒரு நாளைக்குத்தானே.

ரேலீன்: அவ உன்னை வெறுத்தாலுமா?

ராட்னி: ஒரு நாள் வெறுத்தா செத்துப் போயிட மாட்டேன். அடிச்சு அனுப்பு. 'அப்பா மாட்டேன்னுட்டார்'னு. அவ்ளோதான்... என்ன, போனை வெச்சுக்கிட்டு நிக்கறே?

ரேலீன்: எங்கே அனுப்பறது?

ராட்னி: டீகனுக்குத்தான். அவதானே பட்டியல் அனுப்பினா?

ரேலீன்: அவ ஒண்ணும் அனுப்பல. போன்ல ஒரு வரியும் இல்ல. ராத்திரி சமையக்கட்டுல உக்காந்து எழுதினேன், நானே, ரூபர்ட்டையும் சேத்து. சந்தேகம் வரக்கூடாதேன்னு பாவம் கிளைவையும் உள்ள தள்ளினேன். செப்டம்பர்ல, ஃபைனல் மேட்ச் அன்னிக்கு, நீ முடியத் தூக்கிக் கட்டிக்கிட்டு நின்னியே, அப்போ பாத்தேன் அந்தக் கறுப்பை. நான் சொன்னா நீ டாக்டர்கிட்ட போக மாட்டே. இந்த நாற்காலில உக்கார வெச்சு முடிய எடுத்து உன் கழுத்தை உனக்கே கண்ணாடில காட்ட எனக்கு வேற வழி தெரியல. டீகன் என்ன சொன்னா தெரியுமா? ஞாயித்துக்கிழமை உன்கிட்ட பேசிட்டு எனக்கும் பண்ணா. "அம்மா, அப்பா வெள்ளிக்கிழமை எப்படியும் உன் கடைக்கு வருவாரு. அந்தப் பின்பக்கத்துல நீ கத்திரி வெச்சே, உன்னைக் கல்யாணத்துக்கே சேத்துக்க மாட்டேன்"னா. தலைய நிமித்து. முன்னாடி மட்டும் வெட்டறேன்.