தீவுக்காரரின் பூட்ஸ்

மனைவி: கைய எடுங்க. அந்தக் கண்ணாடிப் பெட்டியத் திறக்கணும்.

தீவுக்காரர்: ஏம்மா, அது நினைவுச்சின்னம். நினைவுச்சின்னத்த யாராவது பக்கெட்டுல ஊறப் போடுவாங்களா?

மனைவி: நினைவுச்சின்னமும் இல்ல, ஒண்ணும் இல்ல. பூட்ஸ். கால்ல போடறது. இன்னும் ஒன்பது நாள்ல கப்பல். டேய் தம்பி, அந்த விதிமுறைய அவருக்குப் படிச்சுக் காட்டு.

மச்சான்: "தீவுகளில் இறங்குகிறவர்கள் காலணி, கால்சட்டை மடிப்பு, பை ஆகியவற்றில் மண்ணோ விதையோ இல்லாமல் சுத்தம் செய்து வர வேண்டும். கப்பல் தளத்தில் காவலர் பரிசோதிப்பார். ஒரேயொரு விதை இருந்தாலும்..." இங்க எழுத்து கொட்டையா இருக்கு அக்கா... "இருந்தாலும் இறங்க அனுமதி இல்லை."

மனைவி: கேட்டுச்சா?

தீவுக்காரர்: அது வெளியூர் மண்ணுக்குச் சொன்னது. என் பூட்ஸ்ல இருக்கறது அந்தத் தீவோட சொந்த மண்ணு. பொறந்த வீட்டுக்குத் திரும்பிப் போகுது. அதத் தடுக்க யாருக்கு உரிமை இருக்கு?

மச்சான்: அத்தான் சொல்றதும் நியாயம்தானே அக்கா? தீவுக்குப் போய்ட்டு வந்து 'தீவுக்காரர்'னு பேர் வாங்கின நாள்லேர்ந்து ஒட்டிக்கிட்டிருக்கு! பறவைக் கழகத்துல யார் புதுசா சேந்தாலும் முதல்ல இங்க கூட்டிட்டு வந்து அந்தச் சேத்தத்தானே காட்டறோம். போன மாசம் ஒருத்தர் கண்ணு கலங்கிட்டார்.

மனைவி: கலங்கினவர் ரெண்டு காபி குடிச்சுட்டுப் போனார். போட்டது நான். பெட்டி சாவி எங்க?

தீவுக்காரர்: சாவி... கடையில இருக்கும்.

மனைவி: மூக்குக் கண்ணாடி விக்கற கடையில இதுக்கு என்ன வேல? உங்க சட்டைப்பையில இருக்கு. நூல் தெரியுது.

தீவுக்காரர்: கண்ணுக்குக் குறையே இல்ல உனக்கு. என் கடைக்கு நீ ஒரு நாளும் வாடிக்கையாளரா வரப்போறதில்ல.

மச்சான்: அத்தான், சொல்ல மறந்துட்டேன். தொப்பி வந்துருச்சு! நம்ம எட்டு பேருக்கும் எட்டு. "தீவுக்காரரோடு தீவுக்கு"ன்னு பெரிசா போட்டிருக்கேன். உங்க முகம், பக்கத்துல உங்க ஆல்பட்ராஸ் பறவை.

தீவுக்காரர்: ...எதுக்குப்பா இதெல்லாம்?

மச்சான்: அச்சகம் வச்சிருக்கறவன் சும்மா இருக்க முடியுமா? மூக்கு மட்டும் ரெண்டுக்கும் ஒரே மாதிரி விழுந்துருச்சு. கோச்சுக்காதீங்க.

மனைவி: தம்பி, உன் பையில அந்த வெல்க்ரோ ஒட்டுப் பட்டையெல்லாம் பாரு, புல் விதை அங்கதான் ஒளிஞ்சிருக்கும். இந்தா இடுக்கி. எங்க பல் ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்.

மச்சான்: பல் புடுங்கறதா இது?

மனைவி: பல்லுக்கு நடுவுல மாட்டினத எடுக்கறது. பயப்படாத.

தீவுக்காரர்: நான் என்ன நினைக்கறேன்னா... இந்த வருஷம் பருவம் சரியில்ல. பறவைங்க சீக்கிரமே கிளம்பிடும்.

மனைவி: காவலருக்கு எழுதிக் கேட்டேன். முட்டை போடவே இன்னும் மூணு வாரம் ஆகுமாம். எங்கயும் கிளம்பாது.

தீவுக்காரர்: என் முட்டி?

மனைவி: முழங்கால் பட்ட வாங்கியாச்சு. ரெண்டு.

தீவுக்காரர்: கப்பல்ல ரெண்டு நாள் ஆடும். உனக்கு ஊஞ்சலே ஆகாது.

மனைவி: மாத்திரை இருக்கு. ஒரு பட்ட முழுக்க. வேற?

தீவுக்காரர்: ...யோசிச்சுச் சொல்றேன்.

மச்சான்: அத்தான், வேல பாத்துக்கிட்டே அந்த முதல் நாள் கதையச் சொல்லுங்களேன். எனக்கு அத எத்தன தடவ கேட்டாலும் புல்லரிக்கும்.

தீவுக்காரர்: அது இப்ப எதுக்கு...

மச்சான்: சும்மா சொல்லுங்க!

தீவுக்காரர்: ம்ம்... விடியற்காலை. மூடுபனி. முழங்கால் உயரப் புல். இருபதடி தூரத்துல ரெண்டு ஆல்பட்ராஸ். வருஷம் முழுக்கக் கடல் மேல தனித்தனியா திரிஞ்ச ஜோடி. கழுத்த நீட்டி, அலகோட அலக தட்டி, அப்படி ஒரு ஆட்டம். காற்று நின்றது...

மனைவி: ...கடல் நின்றது. நான் மட்டும் மூச்சு விட்டேன்.

மச்சான்: அக்காவுக்கே மனப்பாடம்!

மனைவி: வாக்கப்பட்டாச்சு, வேற வழி? சாவியக் குடுங்க.

மச்சான்: நான் தேய்க்கறேன் அக்கா. அத்தானோட பூட்ஸத் தொடறதுக்கு ஒரு குடுப்பின வேணும். அடிப்பக்கத்த நான் இன்னும் திருப்பிக்கூடப் பாத்ததில்ல...

தீவுக்காரர்: வேண்டாம்!

மனைவி: வேண்டாம்!

மச்சான்: ...ரெண்டு பேரும் இப்படி ஒண்ணா பேசி நான் கேட்டதே இல்லயே.

மனைவி: நீ கீழ போய் உன் வண்டியில இருக்கற வேக்குவம் கிளீனரக் கொண்டா. பையெல்லாம் உறிஞ்சணும். அதோட நீளக் குழாயும் வேணும்.

மச்சான்: குழாய் அச்சகத்துல இருக்கு.

மனைவி: அப்ப அச்சகத்துக்குப் போ. தெரு முனைதானே? ஓடு.

மச்சான்: போறேன், போறேன். அத்தான், நான் வர்ற வரைக்கும் மிச்சக் கதையச் சொல்லிடாதீங்க!

மனைவி: கதவச் சாத்திட்டுப் போ... ம். உக்காருங்க. தீவுல இறங்கறதுக்கான விண்ணப்பத்துல பதினோராவது கேள்விக்கு மட்டும் பதில் எழுதணும். மத்ததெல்லாம் எழுதிட்டேன்.

தீவுக்காரர்: என்ன கேள்வி?

மனைவி: "இதற்கு முன் இத்தீவுகளுக்கு வந்ததுண்டா? எந்த ஆண்டு?"

தீவுக்காரர்: அதக் காலியா விடு.

மனைவி: காலியா விட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. இன்னைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள விண்ணப்பம் போய்ச் சேரணும். இறங்கினவங்க பேரெல்லாம் அங்க பதிவேட்டுல இருக்கு. ஒத்துப் பாப்பாங்களாம். பொய்னா கப்பல்லயே உக்கார வேண்டியதுதான்.

தீவுக்காரர்: அந்தக் காலத்துப் பதிவேட்ட எல்லாம் எலி தின்னிருக்கும்.

மனைவி: அந்தத் தீவுல எலியே கிடையாது. நீங்கதான் போன கூட்டத்துல முக்கால் மணி நேரம் அதப் பத்திப் பேசினீங்க.

தீவுக்காரர்: ...நீ மட்டும் போய்ட்டு வாயேன்.

மனைவி: நான் மட்டும் போறதுக்கா ரெண்டு வருஷமா ஒரு நாள் லீவு போடாம, ஊரார் வாயெல்லாம் பாத்துக்கிட்டு நின்னேன்? எனக்கு அந்த ஆட்டத்தப் பாக்கணும். உங்களோட நின்னு பாக்கணும். எழுதுங்க.

தீவுக்காரர்: எழுத முடியாதும்மா.

மனைவி: ஏன்?

தீவுக்காரர்: ஏன்னா...

மனைவி: அவன் அச்சகத்துக்குப் போய்ட்டு வரப் பத்து நிமிஷம். அதுல ரெண்டு போயிருச்சு.

தீவுக்காரர்: நான் போனதே இல்ல.

மனைவி: அப்ப "இல்லை"ன்னு எழுதுங்க. ரெண்டெழுத்து.

தீவுக்காரர்: மூணு எழுத்து... இரு. உனக்குக் கோவம் வரல?

மனைவி: கோவப்பட நேரம் இல்ல. பேனா இந்தாங்க.

தீவுக்காரர்: இருபத்து மூணு வருஷமா உன்ன ஏமாத்தியிருக்கேன்! கொஞ்சமாவது அதிர்ச்சியாகு!

மனைவி: நீங்க பல்வலியோட எங்க ஆஸ்பத்திரிக்கு வந்த அன்னைக்கு எவ்வளவு நேரம் காத்திருந்தீங்க?

தீவுக்காரர்: ஒரு மணி நேரம் இருக்கும்.

மனைவி: அங்க ஒரு பத்திரிகை கிடந்துச்சு. நடுப்பக்கத்துல மூடுபனி, முழங்கால் உயரப் புல், "காற்று நின்றது, கடல் நின்றது." அந்தப் பத்திரிகைய அங்க போட்டதே நான்தான். போடறதுக்கு முன்னாடி ரெண்டு தடவ படிச்சிருந்தேன்.

தீவுக்காரர்: ஐயோ.

மனைவி: அப்புறம் நீங்க நாற்காலியில சாஞ்சு, ஊசி போட்டு, பாதி வாய் மரத்துப்போய், எச்சில் ஒழுக ஒழுக அதையே உங்க கதையா சொன்னீங்க. கையில பஞ்சோட நின்னு கேட்டேன்.

தீவுக்காரர்: தெரிஞ்சேவா என்னக் கட்டிக்கிட்ட?

மனைவி: பத்திரிகையில அந்தப் பறவை படுத்தே கிடந்துச்சு. பாதி வாயால நீங்க சொன்னப்ப எழுந்து ஆடிச்சு. முழு வாயும் இருந்தா எப்படி இருக்கும்னு நினைச்சேன்... அதுதான் தப்பாப் போச்சு. முழு வாயும் மூடவே இல்ல.

தீவுக்காரர்: சிரிக்காத. அந்த ஆறு பேருக்கு என்ன பதில் சொல்வேன்? நான் வழிகாட்டுவேன்னு தொப்பி போட்டுக்கிட்டு வர்றாங்க.

மனைவி: கப்பல்ல ரெண்டாம் நாள் சொல்லிடுங்க. அத்தன பேரும் வாந்தி எடுத்துச் சுருண்டு கிடப்பாங்க. எழுந்து வந்து திட்ட ஒருத்தனுக்கும் தெம்பு இருக்காது.

தீவுக்காரர்: எனக்கும் இருக்காதே.

மனைவி: உங்களுக்கு மட்டும் முதல்லயே மாத்திரை குடுத்துடறேன். ஆனா சொல்லணும். கரையில கால் வைக்கறதுக்கு முன்னாடி சொல்லணும். பழைய கதையோட நீங்க அங்க வந்து நின்னா, அந்தப் பறவைய நான் பாக்க முடியாது. நீங்க எங்க மாட்டிக்குவீங்களோன்னு உங்களத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்.

தீவுக்காரர்: ...சொல்றேன்.

மனைவி: சத்தமா.

தீவுக்காரர்: சொல்றேன்! இந்தா, எழுதிட்டேன். இல்லை. சாவியும் இந்தா.

மனைவி: நீங்களே திறங்க. இந்தாங்க பழைய பல் பிரஷ். அவன் மாடி ஏறி வர்றதுக்குள்ள அடிப்பக்கம் பூரா போயிடணும்.

தீவுக்காரர்: ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். ரொம்ப நாளா மண்டையக் குடையுது.

மனைவி: தேய்ச்சுக்கிட்டே கேளுங்க.

தீவுக்காரர்: இந்த பூட்ஸ நான் வாங்கினது நம்ம தெரு முனைக் கடையில. பெட்டிக்குள்ள வச்சப்ப புத்தம் புதுசு. ஆனா கழகத்துக்காரங்க முதல் தடவ பாக்க வந்த அன்னைக்கு எடுத்துக் காட்டறேன், அடியில கெட்டியா சேறு! நான் பூசல. சத்தியமா பூசல. அன்னையிலேர்ந்து எனக்கே ஒரு சந்தேகம்... ஒருவேளை நிஜமாவே போய்ட்டு வந்துட்டேனோன்னு.

மனைவி: பால்கனி ரோஜாத் தொட்டி மண்ணு. நீங்க குளிக்கப் போன நேரத்துல ரெண்டு கரண்டி அள்ளிக் குழைச்சு அப்பினேன். கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு அடியில பளிச்சுன்னு இருந்துச்சு, உரிச்சுப் பாத்தேன், வரல... குதிகால் பக்கம் இன்னும் இருக்கு பாருங்க. நல்லா அழுத்தித் தேய்ங்க.