தீர்ப்பு இன்னும் ஏறவில்லை

பௌர்ணமிக்கு முந்தின நாள் வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் வருவது பெரும்பாடு. கிரிவலக் கூட்டத்துக்காகப் பாதி ரோட்டை அடைத்துவிடுகிறார்கள். ஆட்டோக்காரர்களோ உள்ளூர்க்காரி என்று தெரிந்தால் வண்டியை நிறுத்துவதே இல்லை. அதனால்தான் தாமதம், மன்னித்துக்கொள்ளுங்கள் மேடம். சப்-இன்ஸ்பெக்டர் நந்தினி என்று வாசலில் சொன்னார்கள். உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும் போலிருக்கிறது. கேட்பதற்கெல்லாம் சொல்லிவிடுகிறேன். மறைத்துவைக்க எனக்குத் தெம்பும் இல்லை.

என் பெயர் சரசு. கோர்ட்டுக்கு எதிரே ஜாப் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். என் கணவர் போனபோது மதிவதனி கைக்குழந்தை. அன்றிலிருந்து நானும் அவளும்தான். டைப்ரைட்டர் போய்க் கம்ப்யூட்டர் வந்தது, என்னிடம் டைப்புக்குக் கொடுத்த வக்கீல்கள் கிழவர்களானார்கள், மதி படித்து ஒரு பேங்கில் வேலைக்கும் போனாள். ஆனாலும் காலையில் அவள்தான் எனக்குத் தலை வாரிவிடுவாள். எனக்குத் தோள்பட்டை வலி, கையைத் தூக்க முடியாது. இப்படியே போய்விடும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருவர் பேரில் கிரிமினல் வழக்கு இருக்கிறதா என்று பார்ப்பது பெரிய வித்தை இல்லை. அது எல்லோருக்கும் பொதுவாகத்தான் திறந்து கிடக்கிறது. மாவட்டம், பெயர், வருடம் போட்டு, கோணல்மாணலாக வரும் எழுத்துகளைப் பார்த்துத் தட்டினால் கோர்ட் பக்கம் திறக்கும். எப்.ஐ.ஆர். வேண்டுமென்றால் போலீஸ் பக்கத்தில் தனியாக எடுக்க வேண்டும். ஜனங்களுக்கு இதற்கெல்லாம் பொறுமை கிடையாது. வாடகைக்கு விடுகிறவர்கள், மாப்பிள்ளை பார்க்கிறவர்கள் எல்லாரும் என்னிடம் வருவார்கள். “சரசக்கா பாத்துட்டு சரின்னா சரிதான்” என்று ஊரில் ஒரு பேச்சே உண்டு. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

மதிக்கு வந்த வரன்களையும் நான்தான் பார்த்தேன். பெற்றவள் பார்க்காமல் யார் பார்ப்பது? ஒருவன்மேல் பைக் விபத்து வழக்கு. இன்னொருவன் வரப்புத் தகராறு வழக்கில் மூன்றாவது எதிரி. ஊரில் அடிதடி என்றால் குடும்பத்தில் இருக்கிற ஆண்பிள்ளை எல்லார் பேரையும் சேர்த்து எழுதிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் வழக்கு வழக்குதானே. ஒரு பையன் பேரில் எதுவுமே வரவில்லை. “இந்த ஜில்லாவுல இல்ல, வெளியூர்ல இருந்தா நமக்கு எப்படித் தெரியும்?” என்று மதியிடம் சொன்னேன். அவளும் தலையாட்டினாள். அம்மா சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சு கிடையாது.

அதனால்தான் அவளே ஒருவனைச் சொன்னபோது பேரை இரண்டு முறை கேட்டேன்.

அருண்பிரசாத். தனியார் பள்ளியில் கணக்கு வாத்தியார். செங்கம் பக்கத்துக் கிராமம். இங்கே ரமணாசிரமத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். லோன் கேட்டு பேங்குக்குப் போன இடத்தில் பழக்கமாம். கல்யாணம் ஆனதும் பெங்களூரில் வேலை தேடிக்கொண்டு போகப்போகிறார்களாம். “நீயும் வந்துடும்மா” என்று மதி சொன்னாள். அந்த ‘நீயும்’ எனக்கு ரொம்ப நாள் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

நான் அவன் பேரைத் தேட வேண்டிய அவசியமே வரவில்லை. அவனே கடைக்கு வந்தான். வக்கீல்கள் சாப்பிடப் போயிருந்த நேரம், கடையில் வேறு யாரும் இல்லை.

“அம்மா, ஒரு விஷயம். கோச்சுக்கக் கூடாது” என்றான்.

“சொல்லுப்பா.”

“காலேஜ் படிக்கறப்ப என் மேல ஒரு கேஸ் போட்டாங்க. கூடப் படிச்ச பொண்ணு மருந்து குடிச்சிடுச்சி. நான்தான் தூண்டிவிட்டேன்னு அவங்க மாமா எழுதிக் குடுத்துட்டாரு. அப்புறம் விடுதலை பண்ணிட்டாங்க. மதிகிட்ட வாய்ல சொன்னா பத்தாதுங்கம்மா. தீர்ப்பையே கையில குடுத்துப் படின்னு சொல்லணும். எப்படித் தேடறதுன்னு எனக்குத் தெரியல. நீங்க எடுத்துக் குடுங்க.”

“உன்கிட்ட காப்பி இல்லையா?”

இல்லையாம். விடுதலையான அன்று அவன் அம்மா பாஞ்சாலை ஊர் எல்லையிலேயே அவனை நிறுத்திவிட்டாளாம். கேஸ் கட்டு மொத்தத்தையும் கையிலிருந்து வாங்கி, கீழே வைத்து, கற்பூரம் போட்டுக் கொளுத்திவிட்டாளாம். பீடை அதோடு தொலையட்டும் என்று அங்கேயே மகன் தலையில் தண்ணீர் ஊற்றி, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குக் கூட்டிப் போனாளாம். நம் பக்கத்தில் இப்படிச் செய்கிறவர்கள் உண்டு. விடுதலை என்று எழுதியிருந்த தாளும் அந்தக் கட்டுக்குள்தான் இருந்தது என்று அவளுக்கு யார் சொல்வது? வழக்கு நடத்திய வக்கீலும் இறந்துபோயிருந்தார்.

“பாக்கறேம்ப்பா” என்றேன். அவன் முகம் எவ்வளவு தெளிந்துவிட்டது தெரியுமா? போகும்போது வாசலில் கிடந்த என் செருப்பை நிழலில் நகர்த்திவைத்துவிட்டுப் போனான்.

அன்று கிடைத்ததை மதிக்குக் கொடுத்தேன். எப்.ஐ.ஆர். மட்டும். அதில் என் சொல் ஒன்றும் கிடையாது. எதிரி அருண்பிரசாத், தற்கொலைக்குத் தூண்டியதாக வழக்கு, செத்துப்போன பெண்ணுக்கு என்ன வயது, எல்லாம் அரசாங்கத்துத் தாளிலேயே இருந்தது. “தீர்ப்பு எங்கம்மா?” என்று கேட்டாள். “சைட்டுல இன்னும் ஏறல, தேடிட்டுத்தான் இருக்கேன்” என்றேன். அவள் பேங்கில் நாளெல்லாம் கம்ப்யூட்டரில் இருப்பவள். நினைத்திருந்தால் அவளே தட்டிப் பார்த்திருக்கலாம். அம்மாவுக்கே கிடைக்கவில்லை என்றால் யாருக்கும் கிடைக்காது என்று இருந்துவிட்டாள். தீர்ப்பு வந்ததும் பேசலாம் என்று அவனுக்குச் சொல்லி அனுப்பினாள். முடியாது என்று அவள் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சங்கடமாகப் போயிற்று.

பிறகு அவனுடைய வீட்டுக்காரர் வேணு வாடகை ஒப்பந்தம் டைப் பண்ண வந்தார். எல்லாரையும் கேட்பதுபோல் குடியிருப்பவர் பெயரைக் கேட்டேன், எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பதுபோல் அந்த எப்.ஐ.ஆரை எடுத்துக் கொடுத்தேன். “வெளிநாட்டுப் பொம்பளைங்க தங்கற எடம்க்கா, எனக்கு எதுக்கு வம்பு?” என்று அவனைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துக்குத் தபாலில் அனுப்பினேன். அனுப்புநர் என்று என் பெயரும் விலாசமும் எழுதித்தான் அனுப்பினேன். மொட்டைக் கடிதம் எழுதுவது எனக்குப் பிடிக்காது. பெண் பிள்ளைகள் படிக்கிற இடம், அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? அவனை அடுத்த வாரமே நிறுத்திவிட்டார்கள். எப்.ஐ.ஆர். வாங்கியவர்களில் ஒருவர்கூட அந்த வழக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்கவில்லை மேடம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

அவன் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தான். யார் அனுப்பியது என்று பள்ளிக்கூடத்தில் அவனுக்குச் சொல்லவில்லை போலிருக்கிறது. தினமும் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவான். ரத்தம் செத்த முகம், மழிக்காத தாடி. “அம்மா, கிடைச்சுதா?” என்பான். “சைட்டு வேல செய்யல”, “நகலுக்கு மனு போட்டிருக்கேன், நாளாவும்” என்று ஏதாவது சொல்வேன். சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துப்போயிற்று. வேறு யாரிடமாவது போயிருக்கக் கூடாதா? இந்த ஊரில் வக்கீலுக்கா பஞ்சம்? “நீங்க பாக்கறப்ப நான் வேற ஆளத் தேடுனா நல்லாருக்காதும்மா” என்றான் ஒருநாள். அப்படி ஒரு மரியாதை அவனுக்கு.

கடைசியாக வந்தபோது அவன் பெஞ்சில் உட்காரவில்லை. “அந்தப் பேப்பர் மட்டும் வந்துட்டா போதும்மா. வேல போனாலும் பரவால்ல. மதி ஒரு தடவ அதப் படிச்சிட்டா போதும்” என்றான். தண்ணீர் கொடுத்தேன். சாப்பிட்டாயா என்றும் கேட்டேன். சாப்பிட்டேன் என்றான், பொய்தான். மறுநாள் அவர்களுடைய கழனிக் கிணற்றிலிருந்து அவனை எடுத்தார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான்.

சாவுக்கு நானும் போனேன். பாஞ்சாலை என் கையைப் பிடித்துக்கொண்டு, “எம்புள்ளைக்காக நீங்க எவ்ளோ அலைஞ்சீங்க” என்று அழுதாள். நானும் அழுதேன். நிஜமாகத்தான் அழுதேன்.

மதி அதற்குப் பிறகு பேங்குக்குப் போகவில்லை. வீட்டிலேயே இருந்தாள். சாப்பிடு என்றால் சாப்பிடுவாள், படு என்றால் படுப்பாள், தலை வாரிவிடு என்றால் வாரிவிடுவாள். என்னோடு அவ்வளவாகப் பேசவில்லை. துக்கம் இருக்கத்தானே செய்யும், போகப்போக ஆறிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், சாயந்திரம் கடையைப் பூட்டிக்கொண்டு வரும்போது வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்தால் நிம்மதியாகத்தான் இருந்தது.

தீர்ப்பு எப்போது கிடைத்தது என்று மறுபடியும் கேட்கிறீர்கள். என்னிடம் அதை வரவழைக்க நீங்கள் இவ்வளவு சுற்றியிருக்க வேண்டாம். முதல் நாளே கிடைத்துவிட்டது. அவன் தெருமுனை தாண்டியிருக்கமாட்டான், அதற்குள் திரையில் வந்துவிட்டது. முழுவதையும் படித்தேன். சந்தேகத்தின் பலனைக் கொடுத்து விடுவித்ததாகக்கூட அதில் இல்லை. இந்தப் பையனை வழக்கில் சேர்த்ததே தவறு என்று எழுதியிருந்தார் நீதிபதி. செத்த பெண்ணின் அம்மாவே கூண்டில் ஏறியிருக்கிறாள். “என் மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியவன் இவன்தான், அவளைத் திட்டித் தீர்த்தவள் நான்தான், பழி என்னுடையது” என்று சொல்லியிருக்கிறாள். பெற்றவள் யாராவது கோர்ட்டில் போய் அப்படிச் சொல்வாளா? எனக்கு இன்றுவரை அது புரியவில்லை.

படித்து முடித்தபோது அவனை எனக்குப் பிடித்துப்போயிற்று. அதுதான் வினை. மற்ற பையன்களிடம் ஏதாவது ஒரு குறை இருந்தது. யாரைக் கட்டியிருந்தாலும் ஒருநாள் அழுதுகொண்டு என்னிடம் திரும்பி வந்திருப்பாள். இவனிடம் ஒரு குறையும் இல்லை. இவனோடு போயிருந்தால் மதி திரும்பியே வந்திருக்கமாட்டாள். அதனால் மறைத்தேன். குற்றமற்றவன் என்று தெரிந்தே மறைத்தேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். எதற்காக அலைகிறான் என்று தெரிந்தும் கடைசிவரை அலையவிட்டேன். வார்த்தையை மாற்ற வேண்டாம், நான் சொன்னபடியே இருக்கட்டும்.

புகார்த் தாளை எதற்கு என் பக்கம் திருப்பிக் காட்டுகிறீர்கள்? பாஞ்சாலை கொடுத்ததாகத்தானே இருக்கும்.

இது மதியின் கையெழுத்து.

சரி. என் கடைக் கம்ப்யூட்டரைத் திறந்து, அன்றைக்கே இறக்கிவைத்த தீர்ப்பைப் பார்த்திருக்கிறாள். கோயிலுக்குப் போகிறேன் என்று நேற்று சொன்னது இங்கே வரத்தானா? பக்கத்து அறையில்தான் இருக்கிறாளா? என்னைப் பார்க்க விருப்பமில்லை என்றா சொன்னாள்? கோபத்தில் சொல்லியிருப்பாள், மேடம். நான் கையெழுத்துப் போட்டுவிடுகிறேன், எந்த இடத்தில் என்று காட்டுங்கள். நீங்கள் மட்டும் அவளைத் தனியாக எங்கும் அனுப்பிவிடாதீர்கள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுகிற பெண் அவள். அவளை யாரும் ஏமாற்றிவிடாமல் பார்த்துக்கொள்ள என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?