தம்புராக்காரம்மாவின் முகம்

"மேடையில ஒருத்தருக்கும் மொகமே இல்லைக்கா" என்று முன் இருக்கைக்காரர் சொன்னதும் நான் செய்தித்தாளை மடித்துவிட்டேன். குற்றாலத்திலிருந்து தென்காசிக்கு வரும் காலைப் பேருந்து. அவர் மடியில் கேமரா. பக்கத்தில், உறைபோட்ட தம்புராவைக் குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு ஓர் அம்மாள்.

"நேத்துக் கச்சேரியில பிளாஷ் போடக்கூடாதுன்னுட்டாங்க. இருட்டா இருக்கேன்னு ஷட்டர மெதுவா ஓட விட்டேன். பாடுத அம்மாவுக்குக் கை ஒரு எடத்துல நிக்கல. மிருதங்கம், வயலின், அசைஞ்சவங்க எல்லாம் ஷேக் ஆயி, மொகம் கலங்கிப் போச்சு."

"காட்டுங்க அண்ணாச்சி."

அவர் ஒவ்வொரு படமாகத் தள்ளினார். அந்த அம்மாள் ஒன்றில் விரலை வைத்து நிறுத்தினார்.

"இது நான்லா?"

"ஆமாக்கா. நீங்க மட்டும் அசையாம இருந்திருக்கீய. அதான் பளிச்சுனு விழுந்திருக்கு. எல்லாத்தையும் அழிச்சிட்டு இன்னைக்கிக் கச்சேரியில ஒழுங்கா எடுக்கணும்."

"பாடுத அம்மா மேல்ஸ்தாயில போயி நீட்டி நிக்கும்போது கண்ண மூடிக்கிட்டு செல மாதிரி இருப்பாங்க. பின்னால இருந்து தெனமும் பாக்கேம்லா. அப்பம் அமுக்குங்க. அந்த எடம் வந்ததும் நான் தலைய ஆட்டிக் காட்டுதேன்."

"தலைய ஆட்டுனா நீங்க ஷேக் ஆயிருவீயளே."

"ஆனா ஆகட்டும். பதினெட்டு வருசமா மேடையில இருக்கேன். என் மொகம் தெளிவா விழுந்தது இது ஒண்ணுதான். இத மட்டும் அழிச்சிராதீங்க அண்ணாச்சி."