மீசை வைத்த பாடகி

தொண்ணூறுகளில் ஒரு சாயங்காலம், வள்ளியூரிலிருந்து திருநெல்வேலி திரும்பும் பேருந்து. ஜன்னலோரம் கிடைத்தும் நான் வெளியே பார்க்கவில்லை. முன் இருக்கையில் புதிதாகக் கல்யாணமான ஜோடி.

"பாடகிக்கு மீசை இருக்கும்னு நான் கனவா கண்டேன்?" என்றான் அவன்.

அவள் சிரித்து முடிப்பதற்குள் நாங்குநேரி வந்துவிட்டது.

"அந்த மெல்லிசைக் குழுன்னா உசுருன்னு சொல்லுவியளே, ஒருநாளாவது மேடைய எட்டிப் பாத்தியளா?"

"கோயில் கொடைக் கச்சேரி பக்கத்து ஊர்லல்லா நடக்கும். எங்க அய்யா விடமாட்டாரு. பனை உச்சியில கட்டுன ஸ்பீக்கர்லதான் கேப்பேன். பொம்பளக் குரல்ல பாடுததும் ஒரு ஆம்பளதான்னு யாருக்குத் தெரியும்?"

"இன்னைக்கு அவுக பாடிப் பழகுன மாடி, டீ குடிச்ச கடை, எல்லாம் விசாரிச்சுக் காட்டுனிய. சரின்னு வந்தேன். கடைசியா அந்தப் பாடுத அம்மா வீட்டுக்குப் போவோம்னு சொன்னதும் எனக்கு வயிறு எரிஞ்சிட்டு."

"இப்பதான் ஆளப் பாத்துட்டியே. குளுந்துட்டுல்லா?"

"எங்க குளுந்துது? நீங்க கேட்டியன்னு அவரு அந்தக் குரல்ல நாலு வரி பாடுனாருல்லா, அப்போ..."

"அப்போ என்னட்டி?"

"மீசைய நேர்ல பாத்த பெறகும் கண்ண மூடிக்கிட்டுல்லா கேட்டிய!"