காற்றை எடை போட்டவர்

தையல்காரம்மா: …அதான் கேக்கறேன், தண்ணி பாட்டில் எடுக்க இவ்ளோ நேரமா? உள்ள போய் கிணறா தோண்டினீங்க?

தராசுக்காரர்: வந்துட்டேன், வந்துட்டேன். என் ஹெல்மெட் எங்க?

தையல்காரம்மா: உங்க தலையில.

தராசுக்காரர்: ஓ… ஆமா.

தையல்காரம்மா: ஏன் இப்படி நடக்கறீங்க? செருப்பு கடிக்குதா?

தராசுக்காரர்: முட்டி. காத்தடிச்சா முட்டி பிடிச்சுக்கும்.

தையல்காரம்மா: நேத்து வரைக்கும் இல்லாத முட்டி!

தராசுக்காரர்: நேத்து வரைக்கும் நீ ஓட்டி நான் பின்னாடி உக்காந்ததும் இல்லையே. எல்லாமே புதுசுதான். அந்தப் பையைக் குடு, ஹேண்டில்ல மாட்டிடறேன்.

தையல்காரம்மா: ஹேண்டில்ல ஒண்ணும் தொங்கக்கூடாது. காத்து பையை ஆட்டும், பை ஹேண்டிலை ஆட்டும். மடியில வெச்சுக்குங்க.

தராசுக்காரர்: எனக்கு ஏற்கெனவே பாரம்…

தையல்காரம்மா: என்ன பாரம்?

தராசுக்காரர்: மனசுல, மனசுல. குடு.

தையல்காரம்மா: சட்டைப் பட்டனைப் போடுங்க. காத்துல உப்பி நீங்க பாராசூட் ஆயிட்டா நான் யாரைத் தேடுவேன்?

தராசுக்காரர்: உன் துப்பட்டா?

தையல்காரம்மா: கட்டி உள்ள சொருகியாச்சு. ஏறுங்க. நம்ம பேச்சு ஞாபகம் இருக்குல்ல?

தராசுக்காரர்: இருக்கு. பாலத்து நடுவுல நான் இறங்கிக்கணும். நீ தனியா அந்தக் கரைக்குப் போய், ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். வந்துட்டா நாளைக்குக் காலையில வேலைக்குப் போற.

தையல்காரம்மா: பாதியில பயந்து இறங்கிட்டா?

தராசுக்காரர்: அந்த ஆஸ்பத்திரி தையல் ரூமுக்குப் போன் பண்ணி, வேற ஆளைப் பாத்துக்குங்கன்னு சொல்லிடணும். இங்க பாரு ஊசி, நான்தான் தினம் உன்னைக் கொண்டு போய் விடறேங்கறேனே!

தையல்காரம்மா: உங்க கடையை யாரு திறப்பா? மொத பஸ் அங்க போறதுக்குள்ள ஷிஃப்ட் ஆரம்பிச்சுடும். இல்லன்னா இந்தக் காத்தோட எனக்கு என்ன வேண்டுதலா?

தராசுக்காரர்: வீட்லயே உனக்கு வேலை இல்லாமலா போச்சு?

தையல்காரம்மா: இத்தனை வருஷமா ஜன்னலோரம் உக்காந்து ஊர்ல உள்ள பேன்ட்டுக்கெல்லாம் ஜிப் வெச்சாச்சுங்க. அங்க எனக்குன்னு ஒரு மேஜை. எனக்குக் கீழ ரெண்டு பேரு.

தராசுக்காரர்: வீட்லயும்தான் உனக்குக் கீழ ஒரு ஆளு இருக்கான்.

தையல்காரம்மா: அந்த ஆளு சொன்ன பேச்சு கேக்கறதில்ல. காலை மேல வைங்க, கிளம்பறேன்.

தராசுக்காரர்: …மெதுவா!

தையல்காரம்மா: இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல.

*

தராசுக்காரர்: பாலம் வந்துடுச்சு. ஊசி, பாலம்!

தையல்காரம்மா: தெரியுது. அந்தக் கம்பத்துல காத்து வேகம் காட்டக் கட்டின துணிப்பை பறக்குதே, அதைப் பாருங்க.

தராசுக்காரர்: பாத்தேன். ஒரு பக்கம் தையல் விட்டுருக்கு.

தையல்காரம்மா: அதை நான் சொல்லணும். பை இப்போ பாதிதான் தூக்கியிருக்கு. அப்படின்னா நிதானமா போகலாம். விறைப்பா நீட்டிக்கிட்டு நின்னா வண்டியை ஓரங்கட்டிடுவேன். நாளைக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

தராசுக்காரர்: லேட்டானா அங்க திட்டுவாங்களே?

தையல்காரம்மா: திட்டட்டும். அந்த ஆஸ்பத்திரிக்கு நான் தைக்கப் போறேன், தையல் போட்டுக்க இல்ல.

தராசுக்காரர்: அது பேச்சு! …ஐயோ! ஊசி, சுவத்துப் பக்கம் போகுது! ஹேண்டிலை இறுக்கிப் பிடி!

தையல்காரம்மா: கத்தாதீங்க. இறுக்கினா காத்து என்னை ஆட்டும், நான் வண்டியை ஆட்டுவேன். மெஷின்ல துணியைப் பிடிக்கிற மாதிரிதான். இழுத்தா ஊசி உடையும், விட்டா தையல் கோணும். அந்த அளவுக்குப் பிடிச்சா போதும்.

தராசுக்காரர்: தள்ளுதே!

தையல்காரம்மா: தள்ளட்டும். தள்ளறதுக்கு இடம் விட்டுத்தான் நடுவுல ஓட்டறேன். வலது பக்கம் துளி சாஞ்சிருக்கேன், நீங்களும் என் கூடவே சாயுங்க. எதிர்ப்பக்கம் சாயாதீங்க.

தராசுக்காரர்: கல்யாணமான நாள்லேருந்து அதைத்தானே பண்றேன்.

தையல்காரம்மா: இடுப்பை நெரிக்காதீங்க.

தராசுக்காரர்: பிடிக்கச் சொன்னியே!

தையல்காரம்மா: பிடிக்கச் சொன்னேன். மாவு பிசையச் சொல்லல.

தராசுக்காரர்: லாரி! பின்னாடி லாரி வருது! வேகமா போ!

தையல்காரம்மா: மெதுவாத்தான் போவேன். அது தாண்டட்டும். பக்கத்துல வந்ததும் காத்தை மறைச்சிடும், அப்போ நாம சாஞ்சே இருந்தா நேரா லாரிக்கிட்டதான் போவோம். நிமிருங்க… நிமிருங்க… தாண்டினதும் பளார்னு ஒண்ணு அடிக்கும். இப்போ!

தராசுக்காரர்: அம்மா!

தையல்காரம்மா: அவங்களை ஏன் கூப்பிடறீங்க, அவங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது.

தராசுக்காரர்: …முடிஞ்சுதா?

தையல்காரம்மா: முடிஞ்சுது. கண்ணைத் திறங்க.

தராசுக்காரர்: திறந்துதான் இருந்துச்சு. பாத்தியா, வண்டி ஆடவே இல்ல! பாரம் இருந்தா ஆடாது. தட்டுல கல்லு விழுந்தா தராசு முள்ளு எப்படி அடங்குது? அதே கணக்குதான்.

தையல்காரம்மா: தராசு ஒரே இடத்துல நிக்கும். வண்டி ஓடும். பின்னாடி பாரம் ஏறினா முன்சக்கரம் லேசாயிடுதுங்க, ஹேண்டில் சொன்னதைக் கேக்க மாட்டேங்குது. ரெண்டு நாளா வண்டி அப்படித்தான் இருந்துச்சு. ஏன்னுதான் புரியல…

தராசுக்காரர்: அப்… அப்படியா?

தையல்காரம்மா: ம்.

தராசுக்காரர்: டயர்ல காத்து கம்மியா இருந்திருக்கும்.

தையல்காரம்மா: இருக்கும், இருக்கும். சரி, இறங்குங்க. இடம் வந்தாச்சு.

தராசுக்காரர்: அதுக்குள்ளயா? பாலம் சின்னதாயிடுச்சா என்ன?

தையல்காரம்மா: இந்த ஒதுக்குல நில்லுங்க, ரோட்டுக்கு வராதீங்க. அதோ ஒருத்தர் தூண்டில் போட்டுட்டு இருக்காரு, அவர் பக்கத்துல நில்லுங்க. …பேன்ட்டை ஏன் பிடிச்சுக்கிட்டே நிக்கறீங்க?

தராசுக்காரர்: பெல்ட்டு லூசு.

தையல்காரம்மா: இளைச்சுட்டீங்களா?

தராசுக்காரர்: கவலையில.

தையல்காரம்மா: ஒரே மத்தியானத்துலயா? …நான் போகட்டுமா?

தராசுக்காரர்: ஊசி…

தையல்காரம்மா: ம்?

தராசுக்காரர்: …ஒண்ணுமில்ல. தண்ணி குடிச்சுட்டுப் போ.

தையல்காரம்மா: வந்து குடிக்கறேன். கை ஆட்டாதீங்க, பதிலுக்கு என்னால ஆட்ட முடியாது. ரெண்டு கையும் ஹேண்டில்லதான்.

*

தூண்டில்காரர்: அவங்க போயாச்சுங்க. இன்னும் கை ஆட்டிட்டு இருக்கீங்க.

தராசுக்காரர்: ஓ… ஆமா. உங்களுக்குக் கண்ணு நல்லா தெரியுமா? வண்டி ஆடுதா பாருங்களேன்.

தூண்டில்காரர்: சிவப்பு ஹெல்மெட்தானே? லேசா ஆடுது… நிமிந்துட்டாங்க. நல்லாத்தான் ஓட்டறாங்க. வீட்டுக்காரம்மாவா?

தராசுக்காரர்: ஆமாங்க. நாப்பத்தி மூணு கிலோ எழுநூறு கிராம்.

தூண்டில்காரர்: நான் யாருன்னுதான் கேட்டேன்.

தராசுக்காரர்: நான் தராசு ரிப்பேர் பண்றவன்ங்க. எந்த மெஷினைச் சரி பண்ணினாலும் மொதல்ல அவளைத்தான் ஏத்திப் பாப்பேன். அவ எடை மாறினதே இல்ல. முள்ளு மாறிக் காட்டினா மெஷின்லதான் கோளாறு. கடை முழுக்க அவளை நம்பித்தான் ஓடுது.

தூண்டில்காரர்: கொடுத்து வெச்ச மெஷினுங்க! உக்காருங்களேன், ஏன் இப்படி விறைச்சுப் போய் நிக்கறீங்க?

தராசுக்காரர்: இல்லங்க, உக்கார முடியாது. ஒரு… சங்கடம் இருக்கு.

தூண்டில்காரர்: மூலமா?

தராசுக்காரர்: ஐயையோ, அதெல்லாம் இல்லைங்க!

தூண்டில்காரர்: எனக்கு ஒரு தடவை வந்துச்சு, அதான் கேட்டேன். இந்தக் காத்துல என் தொப்பி போச்சு, ஸ்டூல் போச்சு. நீங்க என்னடான்னா நட்டு வெச்ச மாதிரி நிக்கறீங்க.

தராசுக்காரர்: எங்க இருக்கா இப்போ?

தூண்டில்காரர்: ஒரு பஸ் மறைக்குது.

தராசுக்காரர்: பஸ் தாண்டும்போது நிமிரணும். தாண்டினதும் பளார்னு அடிக்கும்…

தூண்டில்காரர்: அவங்களுக்குத் தெரியாதா?

தராசுக்காரர்: அவதான் எனக்குச் சொன்னா. …இப்போ?

தூண்டில்காரர்: காணோம்.

தராசுக்காரர்: காணோமா!

தூண்டில்காரர்: பாலத்துல காணோம்னேன். அந்தப் பக்கம் இறங்கிட்டாங்க. ஏங்க, என் சட்டையை விடுங்க.

தராசுக்காரர்: மன்னிச்சுக்குங்க. ஆஸ்பத்திரி கேட்டு பக்கத்துலதான். போன உடனே திரும்பிடுவா. இதோ வந்துடுவா.

தூண்டில்காரர்: காத்து ஏறுதுங்க. அந்தத் துணிப்பையைப் பாருங்க, கம்பு மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது.

தராசுக்காரர்: …நீட்டிக்கிச்சா?

தூண்டில்காரர்: முழுசா.

தராசுக்காரர்: அப்போ வர மாட்டா. ஓரங்கட்டிடுவேன்னு சொல்லியிருக்கா. அந்தப் பையைப் பாத்திருப்பால்ல?

தூண்டில்காரர்: இவ்ளோ பெரிசா கட்டி வெச்சிருக்காங்க, தெரியாமலா போகும்?

தராசுக்காரர்: தையல் விட்டதுகூட அவ கண்ணுல படும். பாத்திருப்பா. …ஆனா ரோஷக்காரிங்க. இன்னிக்கு வரலன்னா வேலை போயிடும்னு நினைச்சுக் கிளம்பிட்டா? நான்தாங்க அப்படிப் பேசி வெச்சேன். புத்தி கெட்டவன்.

தூண்டில்காரர்: எங்க போறீங்க? நடந்தேவா போகப் போறீங்க?

தராசுக்காரர்: நடந்தாலும் வேகமா நடக்க முடியாது… சே!

தூண்டில்காரர்: நில்லுங்க. பை தாழுது. காத்து விட்டுக் கொடுக்குது பாருங்க. …ம்ம்.

தராசுக்காரர்: என்ன ம்ம்?

தூண்டில்காரர்: சிவப்பு.

தராசுக்காரர்: ஹெல்மெட்டா?

தூண்டில்காரர்: பின்ன, தக்காளியா? வர்றாங்க. தடத்துக்கு நடுவுலயே வர்றாங்க. இந்தத் தடவை இடது பக்கம் சாஞ்சு… அடடா, அழகா வர்றாங்க. …ஏங்க, இப்போ எதுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கறீங்க?

தராசுக்காரர்: கண்ணுல தூசி.

*

தையல்காரம்மா: பயந்துட்டீங்களா?

தராசுக்காரர்: நானா? மீன் பிடிக்கறதை வேடிக்கை பாத்துட்டு இருந்தேன்.

தூண்டில்காரர்: அவர் மீன் பக்கம் திரும்பவே இல்லைங்கம்மா.

தையல்காரம்மா: பை நீட்டிக்கிச்சுல்ல, அதான் கேட்டுக்குப் பக்கத்துலயே நிறுத்திட்டு வாட்ச்மேனோட பேசிட்டு இருந்தேன். நாளைக்கு வண்டி நிறுத்த இடம்கூட காட்டிட்டாரு. தண்ணி குடுங்க.

தராசுக்காரர்: இந்தா. …நாளைக்குக் காலையில டிபன் டப்பாவை ஹேண்டில்ல மாட்டிடாத. சீட்டுக்குள்ள வை.

தையல்காரம்மா: அப்போ… போகலாமா நான்?

தராசுக்காரர்: போகாம? உனக்குக் கீழ ரெண்டு பேரு காத்துட்டு இருக்காங்களே.

தையல்காரம்மா: …ஒரு விஷயம் சொல்றேன், கோவிச்சுக்கக் கூடாது.

தராசுக்காரர்: சொல்லு.

தையல்காரம்மா: சீட்டுக்கு அடியில நீங்க வெச்ச எடைக்கல்லு…

தராசுக்காரர்: எந்தக் கல்லு?

தையல்காரம்மா: நடிக்காதீங்க. அஞ்சு கிலோவுல ரெண்டு, ரெண்டு கிலோவுல ரெண்டு. உங்க பழைய பனியன்ல சுத்தி வெச்சிருந்தீங்க. வண்டி ஏன் ஆடுதுன்னு இன்னிக்குக் காலையில சீட்டைத் தூக்கினா, பாதிக் கடை உள்ள இருக்கு!

தராசுக்காரர்: நீ லேசான ஆளு… காத்து தூக்கிடக் கூடாதேன்னு…

தையல்காரம்மா: தெரியும். அதான் சண்டை போடல. எல்லாத்தையும் எடுத்து, பின்கதவு அடிச்சுக்குதேன்னு அங்க முட்டுக் கொடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லல. கல்லு இருக்குங்கற தைரியத்துலதானே என்னைத் தனியா அனுப்பினீங்க? உங்களை ஏமாத்திட்டேங்க.

தராசுக்காரர்: …தெரியும்.

தையல்காரம்மா: என்ன தெரியும்?

தராசுக்காரர்: தண்ணி பாட்டில் எடுக்க உள்ள போனேன்ல? இவ்ளோ காத்துல பின்கதவு சத்தமே போடலையேன்னு எட்டிப் பாத்தேன். கல்லு அங்க உக்காந்திருக்கு.

தையல்காரம்மா: அப்போ வண்டியில ஒண்ணுமில்லன்னு தெரிஞ்சேதான் அனுப்பினீங்களா?

தராசுக்காரர்: எடுத்து வெச்சவ நீயாச்சே. யோசிக்காமலா எடுத்திருப்ப?

தையல்காரம்மா: கிட்ட வாங்க. உங்க சட்டைக் காலர் மடங்கியிருக்கு.

தூண்டில்காரர்: நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கவா?

தையல்காரம்மா: வேணாங்க, நாங்க கிளம்பறோம். ஏறுங்க. அந்தப் பேன்ட்டை விட்டுட்டு ஏறுங்கன்னா! …என்னது இது, பேன்ட் பையில இப்படிப் புடைச்சுக்கிட்டு? காட்டுங்க. கையை எடுங்க. …ஐயோ, கடவுளே! பக்கத்துக்கு ஒரு ரெண்டு கிலோ கல்லு! இதைப் போட்டுக்கிட்டா இவ்ளோ நேரம் நின்னீங்க? நான் போன பிறகாவது எடுத்துக் கீழ வைக்கக் கூடாதா?

தராசுக்காரர்: வண்டிக்குப் பாரமா இருக்கட்டும்னுதான் பின்கதவுலேருந்து ரெண்டை எடுத்துப் பையில போட்டேன். நீ போனப்புறம்தான் தெரிஞ்சுது, ஆடறது வண்டி இல்ல, நான்னு. கீழ வெச்சிருந்தா உன் பின்னாடியே பறந்து வந்திருப்பேன் ஊசி.