வனத்தாரின் கொழுந்து

என் மனைவி தேநீரில் சீனி கொஞ்சம் கூடப் போடுவாள். கல்யாணமான நாளிலிருந்து அதைத்தான் குடிக்கிறேன், ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் கேட்டதால் இதைச் சொல்கிறேன். வீட்டில் சத்தம் போடாத மனிதன். பதுளையில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கிஷாந்தனைப் பற்றி இதையேதான் சொல்வார்கள்.

உங்கள் சென்னை அலுவலகத்தில் இதை வாசிக்கப்போகும் வக்கீலுக்கு உங்கள் கம்பனியின் ‘மூவரண்’ கணினி விளையாட்டுத் தெரியாது என்றீர்கள். அவருக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதில் மூன்று படைகள். கோட்டையர் கல் வெட்டுவார்கள், கடலோர் மீன் பிடிப்பார்கள், வனத்தார் செடியில் இலை பறிப்பார்கள். சேர்த்ததைக் கொண்டு படை திரட்டி எதிராளியின் அரணை உடைக்க வேண்டும். எந்தப் படையை எடுத்தாலும் வெல்லும் வாய்ப்பு ஒரேயளவாக இருக்க வேண்டும். விளையாட்டின் எண்களை மாற்றி, ஓங்குவதைக் கொஞ்சம் தட்டி, தாழ்வதைக் கொஞ்சம் தூக்கிவிடுவது என் வேலை. வீட்டிலிருந்தபடியே, ‘நடுநிலை’ என்ற பெயரில் செய்தேன். யாரென்று வெளியில் சொல்லக்கூடாது என்பது உங்கள் விதி. மனைவிக்கும் சொல்லவில்லை. நான் ஏதோ வெளிநாட்டுக் கம்பனிக்குக் கணக்குப் பார்ப்பதாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். விதிகளை நான் மதிக்கிறவன்.

அவள் பெயர் துஷாந்தினி. பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியராக இங்கே வந்தவர். இந்தக் கல்யாணம் பேசப்பட்டபோது எங்கள் வீட்டில் நிறைய முணுமுணுத்தார்கள். நான் அந்த வித்தியாசமெல்லாம் பார்ப்பதில்லை. அவளைக் கைதூக்கிவிட்டேன் என்று ஒருமுறைகூடச் சொல்லிக் காட்டியதில்லை.

மூவரணை அவளுக்குப் பழக்கியதே நான்தான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கைபேசிக் கடையில் அவளுக்கு வேலை. ஞாயிற்றுக்கிழமை பொழுது போகவில்லை என்றாள். உட்காரவைத்தேன். யாரும் சீந்தாத வனத்தாரை எடுத்தாள். வனத்தாரை எடுப்பவர்கள் எல்லாரும் செடியை மொட்டையடித்துவிட்டு அடுத்த செடிக்குப் போவார்கள். சற்று நேரத்தில் காடே வெறுமையாகிவிடும், பிறகு தோல்விதான். இவள் மேலாகக் கிள்ளிவிட்டு ஆட்களை அடுத்த பக்கம் நகர்த்தினாள். ஒரு சுற்றுச் சுற்றி வந்தபோது முதல் செடி தளிர்த்திருந்தது.

“எங்க தோட்டத்துல இப்படித்தாங்க,” என்றாள். “ஒரு மலையில கொழுந்தெடுத்துட்டு அடுத்த மலைக்குப் போயிருவாங்க. திரும்பி வாறதுக்குள்ள மொத மலையில கொழுந்து வந்திரும். ஒரேயடியா வழிச்செடுத்தா அப்புறம் எதைப் பறிக்கிறது?”

என்னை வென்றாள். திரும்பவும் வென்றாள். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எதிரெதிரே விளையாடவில்லை. எனக்கு வேலை கூடிவிட்டது.

அடுத்த வருடம் இலங்கையில் அவளுக்கு மேலே ஆளில்லை. கொழும்பில் ஓர் அணி அவளைக் கூப்பிட்டது. தெரிவுப் போட்டியில் இறுதிவரை வந்தால் அணியில் இடம்; ஒரு வருடம் கொழும்பில் தங்கிப் பயிற்சி, அதன்பின் வெளிநாடு. செய்தி வந்த அன்று அழுதுவிட்டாள்.

“என்னங்க, நீங்களும் வாங்க. உங்க வேலைய எங்க இருந்தும் செய்யலாந்தானே?”

“பாப்பம்,” என்றேன். “முதல்ல நீர் வெல்லும். பிறகு யோசிப்பம்.”

நான் தடுக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். போகாதே என்ற சொல் என் வாயிலிருந்து வரவே இல்லை. மனைவியைப் போகாதே என்று மறிக்கிற ஆண்களைக் கண்டாலே எனக்குப் பிடிக்காது.

அந்த வாரம்தான் வனத்தாரின் எண்களைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தேன். செடி தளிர்க்கும் வேகம் அதிகமாகப் பட்டது. குறைத்தேன். அவள் முகம் வாடிப்போனது. ஆனாலும் வழி கண்டுபிடித்தாள்: பறித்த இலையைச் சேர்க்கும் கொட்டகையைக் காட்டுக்கு நடுவிலேயே கட்டி, ஆட்கள் நடந்து திரிகிற நேரத்தை மிச்சம் பிடித்தாள். இரவுச் சாப்பாட்டில் சம்பலைக் காடாகவும் ரொட்டித் துண்டைக் கொட்டகையாகவும் வைத்து எனக்கு ஒன்றுவிடாமல் விளக்கினாள். நான் கவனமாகக் கேட்டேன். மனைவி பேசுவதைக் காதுகொடுத்துக் கேட்கிற புருஷன் எத்தனை பேருக்கு வாய்க்கிறான்? அடுத்த மாற்றத்தில் காட்டுக்குள் கொட்டகை கட்ட முடியாமல் போனது.

அப்புறம் காவலாட்களையே இலை சுமக்க வைத்தாள். அதையும் என்னிடம்தான் முதலில் சொன்னாள். அதையும் நிறுத்தினேன்.

“யாருங்க இந்த நடுநிலை?” என்று கேட்டாள். “நம்ம அடுப்படியில ஒளிஞ்சிருந்து கேக்குற மாதிரியே செய்றான். நாசமாப் போறவன்.”

“அப்பிடிச் சொல்லாதையும். அவனுக்கும் ஏதும் காரணம் இருக்கும்.”

அந்த வசவு எனக்கு உண்மையிலேயே வலித்தது. ஆனால் வேலையையும் வீட்டையும் நான் கலப்பதில்லை.

அப்போதே உங்கள் குழுவில் ஒருவர் கேட்டிருந்தார்: வனத்தாரை இப்படிச் சுற்றிச் சுற்றிப் பறித்து எத்தனை பேர் விளையாடுகிறார்கள் என்று. பலர் என்று பதில் போட்டேன். உலகத்தில் ஒருத்திதான் அப்படி விளையாடினாள். அவள் அடுத்த அறையில் இருந்தாள்.

தெரிவுப் போட்டி கொழும்பில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தோற்றால் அதோடு வெளியே. அவளுடைய பையை நான்தான் சுமந்துகொண்டு போனேன். அன்று காலையில் அறிவிப்பில்லாமல் நடைமுறைக்கு வரும்படி கடைசி மாற்றத்தை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தேன்: பறித்த செடி இனித் தளிர்க்காது. அவளுக்கு எதிரே அப்புத்தளை நப்ரீஸ். அவரை அவள் சும்மாவே வென்றுவிடுவாள். முன்வரிசையில் இருந்து பார்த்தேன். ஆட்களை ஒரு சுற்றுக் கூட்டிப்போய் முதல் செடிக்குத் திருப்பிக் கொண்டுவந்தாள். அது மொட்டையாக நின்றது. அவளுடைய கைகள் அப்படியே நின்றுவிட்டன. எனக்கு அவள்மேல் மிகவும் இரக்கமாக இருந்தது.

ஆட்டம் முடிந்ததும் நப்ரீஸ் எழுந்து வந்தார். வென்ற முகமே இல்லை.

“அக்கா, இது நான் வெண்டதில்ல,” என்றார். “யாரோ உங்களுக்கெண்டே செஞ்சிருக்காங்க.”

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அப்புத்தளை ஏற்றத்திலிருந்து பதுளை வரைக்கும் நான் அசையவே இல்லை, அவள் தூக்கம் கலைந்துவிடக்கூடாது என்று. அவ்வளவு நிம்மதியாக நான் இருந்து வெகுநாளாகியிருந்தது.

அந்த நப்ரீஸ்தான் அவளுடைய ஆட்டங்களையும் என் மாற்றங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து உங்களுக்கு முறைப்பாடு அனுப்பியவர் என்று அறிகிறேன். கெட்டிக்காரர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அத்தனை மாற்றங்களையும் நானே செய்தேன். என் மனைவி ஒருத்தியைப் பார்த்து, அவள் என்னை நம்பிச் சொன்னதைக் கொண்டே செய்தேன். அவள் என்னை விட்டுப் போய்விடுவாள் என்ற பயத்தில் செய்ததாக எழுதச் சொல்கிறீர்கள். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன். சமநிலைக்காகச் செய்தேன். ஒரே வீட்டில் ஒருவர் அவ்வளவு உயரத்துக்குப் போனால் மற்றவர் எங்கே நிற்பது? அதையும் யாராவது பார்க்கத்தானே வேண்டும்.

அவளுக்கு இன்னும் எதுவும் தெரியாது. நீங்களும் சொல்லமாட்டீர்கள் என்று நம்புகிறேன், பாவம், தாங்கமாட்டாள்.

வனத்தாரைப் பழையபடி ஆக்கிவிட்டீர்கள். ஆனால் அவள் இப்போது வனத்தாரைத் தொடுவதில்லை, கடலோரை எடுத்திருக்கிறாள். கொழும்பு அணி இன்னொரு தெரிவு வைக்கப்போகிறதாம். நேற்று அவள் பக்கத்தில் கதிரை போட்டிருந்து பார்த்தேன். வென்றுவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் இப்போது உங்கள் வேலையில் இல்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. ஆனாலும் ஒரு பொதுவான ஆள் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்: கடலோரின் படகுகள் கொஞ்சம் அளவுக்கு மீறித்தான் ஓடுகின்றன.