ரெண்டரை மணி நேரத்துல துபாய்

நெல்லிவாசலிலிருந்து இறங்கிய ஷேர் ஜீப்பில், எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் தன் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள்: “வுழுந்தாதான் அவ்ளோ வேகமா போவ முடியும்க்கா.”

“இன்னாடி சொல்ற?”

“சென்னைலேர்ந்து துபாய்க்கு நாலு மணி நேரம்னு ஏஜென்ட் சொன்னாரு. டிக்கெட்ல இன்னிக்கு காலைல ஒம்போதுக்கு கெளம்பி பதினொன்றரைக்கு எறங்கும்னு போட்டுக்குது. எங்க வூட்டுக்காரர் ரெண்டரை மணில எப்படி போவாரு? போன வருசம் புளி ஏத்திட்டுப் போன வண்டி உருண்டுதான அஞ்சே நிமிசத்துல அடிவாரம் போய் சேந்துச்சு?”

பக்கத்து வீட்டுக்காரி ஜீப்பின் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

சிக்னல் கிடைக்கும் வளைவில் டிரைவர் வழக்கம்போல் வண்டியை நிறுத்தினார். எல்லோரும் இறங்கிப் போனைத் தூக்கிப் பிடித்தார்கள். மணி பன்னிரண்டு. அந்தப் பெண் கணவனுக்கு நான்கு முறை அடித்துப் பார்த்தாள்.

“இன்னும் சுவிட்ச் ஆஃப்னே வருதுக்கா.”

“பயப்படாதம்மா,” என்றார் டிரைவர். “நானும் அங்க வேலை செஞ்சவன்தான். அவங்க கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னாடி. அங்க பதினொன்றரைன்னா இங்க ஒரு மணி. நாலு மணி நேரம் சரியாத்தான் இருக்குது.”

அவள் விரல் விட்டு எண்ணினாள். பிறகு வானத்தைப் பார்த்தாள்.

“அப்போ இன்னும் ஒரு மணி நேரம் அந்தரத்துலயேதான் இருப்பாராண்ணா?”